பேசுற பேனா புக் செட்: ஆறு மாசம் யூஸ் பண்ணின பொறவு எழுதுகேன்

மொதல்லயே சொல்லிடுகேன், இது யாரும் பைசா தந்து எழுதச் சொன்னது இல்ல, எனக்க சொந்தக் காசு 2,300 ரூவா போயிருக்கு. கம்பெனி பேரு போடல. இதே பேனா இப்ப பல பேருல வருது, டப்பா கலரும் ஸ்டிக்கரும் மாறுது, உள்ள சாதனம் ஒண்ணு தான்னு தோணுது, அதனால நீங்க எதப் பாத்துட்டு இருந்தாலும் இது ஓரளவுக்குப் பொருந்தும்.

ஏன் வாங்கினேன்னா, எனக்க வீட்டுக்காரி நர்ஸ், வாரத்துல மூணு நாளு நைட் டூட்டி. எனக்கு தக்கலையில சின்னதா ஒரு டிடிபி, ஜெராக்ஸ் கடை, ஷட்டர் போட்டுட்டு வீட்டுக்கு வர எட்டரை ஆயிரும். பிள்ளைக்கு மூணரை வயசு. நான் செருப்பக் கழட்டுறதுக்கு முன்னாடியே புக்க எடுத்துட்டு வந்து வாசப்படில இருப்பா. ஒரு கதைன்னா பரவால்ல, ஒரே கதைய பதினோரு தடவை வாசிச்ச நாளெல்லாம் உண்டு, நான் எண்ணினேன், பன்னெண்டாவது தடவைக்கு எனக்கு தொண்டையும் போச்சு பொறுமையும் போச்சு, அன்னைக்கு ராத்திரி போன்ல வெளம்பரம் வந்துது, பேனாவ வச்சு தொட்டா அதுவே வாசிக்குமாம், ஸ்கிரீன் கெடையாதாம். ஸ்கிரீன் இல்லங்கற வார்த்தையில தான் நான் விழுந்தேன். அமெரிக்காவுல உள்ள குழந்தை டாக்டர்மாருக்க சங்கம், ரெண்டுல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணிக்கூறுக்கு மேல ஸ்கிரீன் கூடாதுன்னு 2016-ல சொல்லியிருக்குன்னு வீட்டுக்காரி எப்பவும் சொல்லுவா. அதே சங்கம் அதுக்கு ரெண்டு வருசம் முன்னாடி, பெறந்த நாள்ல இருந்தே பிள்ளைக்கு வாசிச்சுக் காட்டணும்னும் சொல்லியிருக்கு. அதையும் சொல்லுவா, சொல்லிட்டு டூட்டிக்குப் போயிருவா.

சரி, பொருளுக்கு வாறேன். டப்பாவுல பத்து புக்கு. ஆறு இங்கிலீஷ், ரெண்டு இந்தி, தமிழ் ரெண்டே ரெண்டு. வெளம்பரத்துல தமிழ்னு பெருசா போட்டிருந்தது, எத்தன புக்குன்னு போடல, வாங்குறவங்க அத மொதல்ல கேளுங்க. அட்டை நல்ல கெட்டி, மேட் லாமினேஷன், மூலை உருட்டி வெட்டியிருக்கு, பிள்ளை கண்ணுல குத்தாது. உள்தாளும் நல்ல தாள் தான். பிரிண்டிங்ல நான் கொற சொல்ல மாட்டேன், எனக்க தொழிலே அதுதான், கலர் கொள்ளாம். பேனா ஒரு தடிச்ச கேரட் மாதிரி இருக்கு, சார்ஜ் ரெண்டு மணிக்கூறுல ஏறுது, நாலு மணிக்கூறு வரைக்கும் நிக்குது. பல தடவை தரையில விழுந்தாச்சு, ஒரு தடவை கஞ்சிப் பாத்திரத்துலயும் விழுந்தாச்சு, இன்னும் பேசுது.

இது எப்பிடி வேலை செய்யுதுன்னு நெறைய பேரு கேட்டாங்க. கடையில பிரிண்ட் செக் பண்ண ஒரு லென்ஸ் வச்சிருக்கேன், அத வச்சு பக்கத்தப் பாத்தேன். வெறும் கண்ணுக்கு வெள்ளைத் தாள் லேசா அழுக்குப் படிஞ்ச மாதிரி இருக்கும், லென்ஸ்ல பாத்தா தாள் முழுக்க குட்டி குட்டி கறுப்புப் புள்ளி, எறும்பு முட்டையவிட சின்னது, கோலத்துக்குப் புள்ளி வச்ச மாதிரி ஒரு ஒழுங்குல. அந்தப் புள்ளிக்க அடுக்கு தான் நம்பரு. பேனா முனையில ஒரு சின்ன கேமராவும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சமும் இருக்கு, கார்பன் உள்ள கறுப்பு மை அந்த வெளிச்சத்த உறிஞ்சிரும், மத்த கலர் மை உறிஞ்சாது, அதனால படம் எவ்வளவு கலரா இருந்தாலும் பேனாவுக்கு அந்தப் புள்ளி மட்டும் தான் தெரியும். நம்பரப் பாத்து உள்ள இருக்க ஆடியோவ எடுத்து ஓட்டும். அம்புட்டு தான், அது ஒண்ணும் வாசிக்கல. இது தெரிஞ்ச பொறவு எனக்கு பேனா மேல இருந்த மரியாத கொறஞ்சு, புக்கு அச்சடிச்சவன் மேல கூடிப்போச்சு.

இப்ப கொறைக்கு வாறேன்.

மொதல் நாளு. தமிழ் புக்குல பழங்கள் பக்கம். கேள்வி மோடு ஒண்ணு இருக்கு, அத அமுக்கினா பேனா கேக்கும், பிள்ளை படத்தத் தொடணும். "பலாப்பழம் எங்கே?"ன்னு கேட்டுது, நியூஸ் வாசிக்கற அக்காவுக்க குரல்ல. பிள்ளை முழிச்சா. எங்க வீட்டுக்குப் பொறத்தால நிக்குது சக்க மரம், வைகாசில வீடு முழுக்க அந்த மணம் தான், அவ பெறந்ததுல இருந்து சக்கப்பழம் தின்னுட்டு இருக்கா, சக்கச்சொளைய வாயில வச்சுகிட்டே உறங்குன பிள்ளை அது. ஆனா பலாப்பழம்னா என்னன்னு அவளுக்குத் தெரியாது, நாங்க யாரும் வீட்ல அந்த வார்த்தையச் சொன்னது இல்ல. யோசிச்சு யோசிச்சு அன்னாசியத் தொட்டா. டொய்ங்ங்ங். "தவறு. மீண்டும் முயற்சி செய்." அடுத்து மாங்காயத் தொட்டா. டொய்ங்ங்ங். மூணாவது டொய்ங்குக்கு பேனாவத் தூக்கி எறிஞ்சிட்டு ஆச்சிக்க மடியில போய் விழுந்தா. எங்க அம்மைக்கு விசயம் புரிஞ்சதும் வந்த கோவம் இருக்கே. "எதுக்குடே பிள்ளையப் போட்டு அழவைக்குக? நம்ம சக்கையத் தெரியாத சவத்துக்கா இம்புட்டு பைசா குடுத்த?"ன்னு ஒரு பாட்டம்.

அதுக்கு அடுத்த பக்கம் வாழைப்பழம். ஒரே ஒரு வாழைப்பழம், நீட்டமா மஞ்சளா. எங்க ஊருல யாராவது வெறுமனே வாழைப்பழம்னு சொல்லிக் கேட்டிருக்கியளா? மட்டி, செந்துளுவன், ஏத்தன், ரசகதலி, பாளையங்கோட்டான்னு பேரு சொல்லித்தான் வாங்குவோம். பிள்ளை படத்தப் பாத்துட்டு "இது மட்டி இல்ல"ன்னா. சரியாத்தான் சொன்னா. கன்னியாகுமரி மட்டிக்கு 2023-ல புவிசார் குறியீடே கெடைச்சாச்சு, பேனாவுக்கு இன்னும் தகவல் போகல. அதே மாதிரி மரச்சீனிப் படத்தக் காட்டி மரவள்ளிக்கிழங்குங்குது, கொல்லாம்பழத்தக் காட்டி முந்திரிங்குது. எங்க அம்மை இருவது வருசம் அண்டி ஆபீஸ்ல, அதாவது முந்திரி பாக்டரில, கை பொள்ளப் பொள்ள அண்டி ஒடைச்சவ, முந்திரின்னு அது சொன்னப்ப ஏதோ அவளுக்க சர்வீஸ மறுத்த மாதிரி பேனாவ ஒரு பார்வ பாத்தா.

சிரிக்கலாம் தான், ஆனா இதுல விசயம் இருக்குன்னு எனக்கு பைய தான் ஒறைச்சுது. தமிழ்ல பிள்ளைக்கு வாசிச்சுக் காட்டுறது ரெட்ட வேலை. புக்குல "குரங்கு மரத்தின் மீது தாவியது"ன்னு இருக்கும், நான் வாசிக்கும்போது கண்ணு அதப் பாக்கும், வாயி "கொரங்கு மரத்துல ஏறி சாடிச்சு மக்களே"ன்னு சொல்லும். "உறங்கச் சென்றது"ன்னா "உறங்கப் போச்சு". எல்லா அப்பனும் அம்மையும் இதத்தான் பண்ணுகாங்க, யாரும் சொல்லித்தந்து இல்ல. மொதல் தடவ சாடிச்சு. அஞ்சாவது தடவ, "புக்குல தாவியதுன்னு போட்டிருக்கு பாத்தியா, தாவுனாலும் சாடுனாலும் ஒண்ணு தான்". பத்தாவது தடவ அவளே "தாவியது"ன்னு சொல்லிட்டு எனக்க மேல சாடுவா. அந்த ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் போற வழி பேனாகிட்ட இல்ல. அது மொதல் தடவையும் தாவியதுன்னு சொல்லுது, நூறாவது தடவையும் அதே குரல்ல தாவியதுன்னு சொல்லுது.

நியாயமாச் சொல்லணும்னா, பலாப்பழங்கற வார்த்தைய அவ கத்துக்கிட்டது இந்தப் பேனாகிட்ட தான். நாளைக்கு ஸ்கூல்ல கேட்டா முழிக்க மாட்டா. ஒரு வாரத்துல சக்கையும் பலாப்பழமும் ஒண்ணுன்னு பிடிச்சிட்டா, இப்ப ஆச்சிக்குக் கிளாஸ் எடுக்கா. அதனால வேஸ்ட்னு சொல்ல மாட்டேன்.

வேற கொறைங்க சின்னது தான், ஆனா ஒரே சள்ளை. வால்யூம் ஆகக் கொறச்சு வச்சாலும் சத்தம் கூடுதல். இத விட மோசம் ஒண்ணு உண்டு. அஞ்சு நிமிசம் தொடாம இருந்தா பேனா தானா ஆஃப் ஆயிரும், நல்ல விசயம், ஆனா ஆஃப் ஆகுறதுக்கு முன்னாடி "குட் பை! சீ யூ சூன்!"ன்னு இங்கிலீஷ்ல கத்திட்டு தான் போகும். ராத்திரி பத்து மணி, கொஞ்ச கொஞ்சமா கண்ணு சொருகி, கை தளந்து, நான் மூச்சு விடாம பைய எழும்பும்போது தலமாட்டுல இருந்து குட் பைய். இதச் செஞ்சவனுக்குப் பிள்ளை கெடையாது, இருந்தாலும் உறங்க வச்சது அவன் இல்ல.

மூணாவது மாசம் ஒரு பக்கம் கிழிஞ்சுது. கஸ்டமர் கேருக்கு மெயில் போட்டேன், ஒரு பக்கம் தனியா தர முடியாது, முழு செட்டு வாங்குங்கன்னு பதில் வந்துது, அதுக்குப் பொறவு போட்ட மெயிலுக்கு அதுவும் வரல. நான் தான் ஜெராக்ஸ் கடக்காரன் ஆச்சே, நல்லா இருக்கும்போதே ஸ்கேன் பண்ணி வச்சிருந்தேன், கலர் லேசர்ல பிரிண்ட் போட்டு ஒட்டினேன். படம் அப்பிடியே இருக்கு, பேனா வாயத் திறக்கல. புள்ளி எல்லாம் ஸ்கேன்லயே மங்கிப்போச்சு, பத்தாததுக்கு படத்துல உள்ள கறுப்பும் கார்பன் உள்ள டோனர் கறுப்பு, பேனாவுக்குப் புள்ளியும் படமும் ஒண்ணாத் தெரியும். அந்தப் பக்கம் இப்ப ஊமை. ஊமையான பக்கத்துல அவளே கதை சொல்லுகா, அது வேற விசயம்.

இதே 2,300 ரூவாய்க்கு வேற என்ன வாங்கலாம்னு யோசிக்கறவங்களுக்காக. நாகர்கோவில் புக் ஃபேர்ல நேஷனல் புக் டிரஸ்ட் ஸ்டால்ல பிள்ளைங்க புக்கு நூறு ரூவாய்க்கு உள்ளயே நெறைய கெடைச்சுது, மெலிசு தான், படம் நல்லா இருக்கு, மடியில வச்சா மடங்கும், கிழிஞ்சாலும் மனசு கிழியாது. தூலிகா, பிரதம் புக்ஸ் ரெண்டுலயும் தமிழ்ல படக்கதை போடுகாங்க. பிரதம் புக்ஸ் 2015-ல ஆரம்பிச்ச ஸ்டோரிவீவர்னு ஒரு சைட்டு இருக்கு, ஃப்ரீ, தமிழ்லயும் ஏராளம், நாலு லெவலா பிரிச்சு வச்சிருக்காங்க, மொதல் லெவல்ல ஒரு பக்கத்துக்கு ஒரு வரி ரெண்டு வரி தான். அது கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ், எழுதினவங்க வரைஞ்சவங்க பேர எடுக்காம இருந்தா பிரிண்ட் போடுறது தப்பே இல்ல. நான் கடையில 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர்ல போடுகேன். பிரிண்ட்ல புக்லெட்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதக் குடுத்தா ஏ4 தாள மடிச்சா சரியா பக்கம் வரிசையா வந்து நிக்கும், மொத்தப் பக்கம் நாலால வகுபடணும், இல்லன்னா கடைசில வெள்ளப் பக்கம் நிக்கும், அதுவும் நல்லது தான், பிள்ளை அதுல வரையும். நடுவுல நீள ஸ்டேப்ளர் வச்சு ரெண்டு பின்னு. பின்னுக்க முனை வெளிய நீட்டாம நல்லா அமுக்கி விடுங்க, பிள்ளை விரலு. எந்த ஜெராக்ஸ் கடையிலயும் பண்ணித் தருவாங்க, தரலன்னா அவன் சோம்பேறி.

எங்க மைனி கவர்மெண்ட் ஸ்கூல் டீச்சர், அவங்க பள்ளிக்கூடத்துல வாசிப்பு இயக்கம்னு அரசு தந்த சின்ன சின்ன புக்கு இருக்கு, நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படி. பேரே எனக்குப் பிடிச்சிருக்கு. ஸ்கூல்ல ரெண்டு வாசிச்சுப் பாத்தேன், வரி சின்னது, பேசுற மாதிரியே ஓடுது, வாயி ரொம்ப மொழிபெயர்க்க வேண்டிய வேலை இல்ல.

இன்னொண்ணு பரண்ல இருந்து வந்துது. எங்க அம்மை சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல பரிசா வாங்கின ஒரு பழைய கதை புக்கு, அட்டை போச்சு, தாளு பழுத்துப்போச்சு. அம்மை அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் தான். எழுத்துக்கூட்டி தான் வாசிப்பா, ஒவ்வொரு எழுத்துக்கு அடியிலயும் விரல வச்சு, ஒரு வரிக்கு ஒரு நிமிசம் ஆகும். நான் நெனச்சேன் பிள்ளை இதுக்கு உக்காரவே மாட்டான்னு. அவ ஆடாம அசையாம உக்காந்திருக்கா, ஏன்னா நான் வாசிக்கும்போது படத்தப் பாத்து முடிக்கறதுக்குள்ள பக்கத்தத் திருப்பிருவேன், ஆச்சி வாசிச்சா படத்துல உள்ள எறும்பு வரைக்கும் எண்ணலாம். அந்த புக்கு 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னாடி அச்சடிச்சது, அதுல ணை, லை, ளை, னை எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு தும்பிக்கை சுருண்டு நிக்கும், யானைங்கற வார்த்தையிலயே தும்பிக்கை இருக்கும். பிள்ளை அதக் கண்டுபிடிச்சிட்டா. "ஆச்சி, ஆன எழுத்து"ன்னு பக்கம் பக்கமா தேடுகா. எனக்க கம்ப்யூட்டர்ல எரநூறு தமிழ் ஃபான்ட் இருக்கு, சாதாரணமா டைப் அடிச்சா அந்த எழுத்து வராது. அவளுக்காக அத வரைஞ்சு ஸ்டிக்கர் போட்டுக் குடுக்க எனக்கு ஒரு மத்தியானம் போச்சு, கடையில ரெண்டு ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கஸ்டமரு திட்டிட்டுப் போனாங்க.

ஸ்டிக்கர்னு சொன்னதும் ஓர்மை வருது, இந்த செட்டுல உள்ளதுலயே நல்ல சமாச்சாரம் அதுதான், டப்பாவுல ஒரு மூலையில சின்னதா போட்டிருக்கான். ரெக்கார்டிங் ஸ்டிக்கர். வட்டமா பதினாறு. பேனாவ அது மேல வச்சு ரெக்கார்ட் பட்டன அமுக்கி நாம பேசினா, பொறவு எப்பத் தொட்டாலும் நம்ம குரல் வரும். நாலு மாசம் நான் அதக் கண்டுக்கவே இல்ல. பொறவு ஒரு ஞாயித்துக்கிழமை எங்க அம்மைய உக்கார வச்சு, தமிழ் புக்குல ஒவ்வொரு பக்கத்து மூலையிலயும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, படத்தப் பாத்துச் சொல்லச் சொன்னேன். மொதல்ல வெக்கம். பேனாவ மைக்கு மாதிரி பிடிச்சிட்டு தொண்டையச் செருமிட்டு "வணக்கம்"ன்னு ஆரம்பிச்சா, அத அழிச்சேன். ரெண்டாவது பக்கத்துல சூடு பிடிச்சுது. சக்கப்பழம் பக்கத்துல, சக்கைய எப்பிடி வெட்டணும், கையில வெளிச்செண்ண தடவணும், இல்லன்னா அரக்கு ஒட்டும்னு முழு செய்முறை. கொரங்கு பக்கத்துல கொரங்கு சாடிச்சு, சாடி ஓட்டு மேல விழுந்து, ஓடு பொட்டி, வீட்டுக்காரன் கம்ப எடுத்துட்டு ஓடி வந்தான். புக்குல ஓடும் இல்ல, வீட்டுக்காரனும் இல்ல. பின்னாடி குக்கர் விசில், எதிர்வீட்டு கோழி, மார்த்தாண்டம் பஸ்ஸுக்க ஹார்ன் எல்லாம் பதிஞ்சிருக்கு. பிள்ளைக்கு குக்கர் விசில் வந்தா தான் கதை முடிஞ்ச மாதிரி.

தமாசு அதுக்குப் பொறவு. பிள்ளை ஸ்டிக்கரத் தொடுவா, பேனாவுல ஆச்சி பேசுவா, பக்கத்துல இருந்து கீரை ஆஞ்சிட்டு இருக்க நெச ஆச்சி அதக் கேட்டுட்டு, "அது பொய் மக்களே, கொரங்கு ஓட்டு மேல விழல, சக்க மரத்துல தான் விழுந்துது"ன்னு மாத்துவா. உடனே பிள்ளை மறுபடியும் தொடுவா. பேனா ஆச்சி ஓட்டு மேலங்குவா, நெச ஆச்சி "நான் அப்பிடியா சொன்னேன்?"ன்னு சண்டைக்கு வருவா. ஒரு அரைமணிக்கூறு இது ஓடும், எனக்கு நிம்மதியா குளிச்சுச் சோறு தின்ன நேரம் கெடைக்கும்.

நைட் டூட்டி நாளுக்குன்னு வீட்டுக்காரிக்க குரலும் மூணு ஸ்டிக்கர்ல இருக்கு, ஒரு குட்டிக் கதையும் ஒரு தாலாட்டும் "உறங்கு மக்களே, அம்மை காலம்பற வந்துருவேன்"னும். அதத் தொட்ட பொறவு குட் பை வரதுக்கு அஞ்சு நிமிசம் ஆகும்லா, நான் நாலாவது நிமிசத்துல பேனாவ எடுத்துட்டுப் போய் பீரோவுல துணிக்கு நடுவுல வச்சிருவேன். உள்ள கெடந்து சொல்லட்டு.

மார்க்கு கேட்டா அஞ்சுக்கு மூணு. ஸ்டிக்கர் இல்லன்னா ஒண்ணரை. வீட்ல வாசிச்சுக் காட்ட ஆளு இருந்தா இதுக்கு அவசியம் இல்ல, நாலு மெலிசு புக்கும் ஒரு ஆச்சியும் போதும். ஆளு இல்லன்னா, இல்லன்னா எங்கள மாதிரி ஷிஃப்ட் வேலைன்னா, வாங்கலாம், ஆனா தமிழ் புக்கு எத்தன, ரெக்கார்டிங் ஸ்டிக்கர் எத்தன, அது தனியா கெடைக்குமா, இந்த மூணையும் எழுத்துல கேட்டு வாங்கிட்டு பைசா அனுப்புங்க. கேள்வி மோடு பட்டன் மேல நான் செல்லோ டேப் ஒட்டிட்டேன்.

எனக்கு இப்ப பதினாறும் தீந்துபோச்சு, கடைசி ஸ்டிக்கர பிள்ளை எடுத்து ஆச்சிக்க நெத்தியில ஒட்டி பேனாவ வச்சு அமுக்கிட்டா, அது பிஞ்சுபோச்சு. தனியா விக்கதுக்கு இல்லன்னுட்டான். யாராவது இதே செட்டு வாங்கி ஸ்டிக்கர யூஸ் பண்ணாம வச்சிருந்தியன்னா கீழ சொல்லுங்க, தக்கலை, மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கம்னா நானே பைக்ல வந்து வாங்கிக்கிடுகேன், பதிலுக்கு உங்க பிள்ளைக்கு ரெண்டு புக்கு ஆர்ட் பேப்பர்ல பிரிண்ட் போட்டு பின் அடிச்சுத் தாரேன்.